பீம்ராவின் காலி எடை

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரிகளுக்கு எடை போடும் மேடை ஒன்றில் நானும் பீம்ராவும் பதினேழு வருஷமாக ஒரே கேபினில் உட்கார்ந்திருக்கிறோம். என் பெயர் காஜா மொய்தீன். மிஷினில் உட்காருவது அவன், வெளியே நின்று டிரைவர்களோடு மல்லுக்கட்டுவது நான். அவனைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் போன மழைக்காலத்தில் அவனுக்கு நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். டீக்கடையில் ஒருத்தன் என் முகத்துக்கு நேரே, அது கொசுக்கடியால் வந்தது என்கிறான். இன்னொருத்தன் கண் பட்டுவிட்டது என்கிறான். எனக்குக் கோபம் வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

எனக்கே பாதி விஷயம் இன்னும் புரியவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பீம்ராவுக்கு நாற்பத்தாறு வயது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. அவனுடைய அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். மகனுக்குப் பெயர் வைத்த அன்றே, இந்தப் பெயரை யாரும் சுருக்கிக் கூப்பிடக் கூடாது என்று வீடு முழுக்கச் சொல்லி வைத்தாராம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருவர் 'பீமு' என்று கூப்பிட்டதற்கு வேலையை விட்டுவிட்டு வந்து சண்டை போட்டிருக்கிறார். அதனால் நான் அவனைப் பெயர் சொல்லியே கூப்பிடுவதில்லை. மாமு என்பேன். அவன் என்னை பாய் என்பான். ஞாயிற்றுக்கிழமை காலையில் புத்த விகாரைக்குப் போவான், பதினொரு மணிக்குப் புளியந்தோப்பு கேரம் கிளப்புக்கு வந்துவிடுவான். அங்கே அவனை ஜெயித்தவன் அதை ஆறு மாசம் சொல்லிக்கொண்டு திரிவான். நான் இரண்டு தடவை ஜெயித்திருக்கிறேன்.

வேலையில் அவனைப் போல ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை. லாரி மேடையில் ஏறுவதற்கு முன்னால் மிஷினில் பூஜ்யம் தெரிய வேண்டும். மழைத் தண்ணீர், சேறு, உதிர்ந்த இரும்புத் துண்டு எல்லாம் சேர்ந்து மேடையில் முப்பது நாற்பது கிலோ சும்மாவே நிற்கும். மற்ற எடைமேடைகளில் பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இவன் என்னைத் துடைப்பத்தோடு அனுப்புவான். அப்புறம் காலி லாரியை ஏற்றி அதன் எடையைப் பார்க்க வேண்டும். லோடு ஏற்றி வந்ததும் மறுபடி எடை. இரண்டையும் கழித்தால் சரக்கின் எடை. 'போன வாரம்தானே காலி எடை போட்டோம், அதையே எழுதிக்க' என்று டிரைவர் கெஞ்சினால் நடக்காது. போன வாரம் டேங்கில் எவ்வளவு டீசல் இருந்ததோ, தார்ப்பாய் நனைந்திருந்ததோ, யார் கண்டது என்பான்.

இந்தப் புத்தி அவனை வீட்டுக்கும் விடாது துரத்தியது. காசிமேட்டில் மீன் வாங்கப் போனாலும், முதலில் தட்டைக் காலியாக வைத்துக் காட்டச் சொல்வான். "இன்னாடா இவன், கலெக்டரு வூட்டுப் புள்ள மாதிரி!" என்று மீன்காரம்மா கிழித்துத் தொங்கவிடும். இவன் அசைய மாட்டான். காலித் தட்டின் முள் நடுவில் நின்ற பிறகுதான் வஞ்சிரம் ஏறும். மனைவி ஷாலு இரண்டு கடை தள்ளிப் போய் யாருக்கோ வந்த விருந்து மாதிரி நிற்பாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவனுக்குக் காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல் போயின. சிக்குன்குனியா வந்து போன மிச்சம் என்று ஏரியாவே தீர்ப்புச் சொன்னது. ஆளாளுக்குத் தைலம் கொடுத்தார்கள். என் வீட்டிலிருந்தும் ஒரு பாட்டில் போனது. ஆறு மாசத்தில் இரண்டு மணிக்கட்டும் வீங்கி, டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துக் குடித்தான். கேரம் கிளப்புக்கு வந்து ஆடாமல் உட்கார்ந்திருப்பான். எனக்கு அவனைப் பார்க்கவே பிடிக்காது, வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். கடைசியில் ஷாலுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். முடக்குவாதம் என்றார்கள்.

அவளுக்கு லீவு கிடைக்காத ஒரு மாதம் நான் கூடப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். நோயை எதிர்க்கிற சக்தி உடம்பில் எல்லோருக்கும் இருக்கிறது. பீம்ராவுக்கு அது ஆள் தெரியாமல் அவனுடைய மூட்டுகளையே தாக்குகிறது. மாத்திரை அந்தச் சக்தியை அடக்கி வைக்கிறது. அடக்கினால் மூட்டு பிழைக்கும், ஆனால் ஊரில் போகிற வருகிற சளி, காய்ச்சல் எல்லாம் இவனைச் சுலபமாகப் பிடிக்கும்.

"ரெண்டு மாத்திரை இருக்கு. ஒண்ணு வாரத்துக்கு ஒரு நாள், ஞாயித்துக்கிழமை. இன்னொண்ணு ஸ்டீராய்டு, தினமும் காலையில. சளி, காய்ச்சல்னு ஏதாவது வந்தா வார மாத்திரையைப் போடாம உடனே இங்க வந்துடுங்க. தின மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தவே கூடாது. புரியுதா?"

புரிகிறது என்று இரண்டு பேரும் தலையாட்டினோம். ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் பீம்ராவ் என் தொடையில் தட்டினான்.

"பாய், ரெண்டுமே எதிர்ப்பு சக்திய கொறைக்கிற மாத்திரதான?"

"ஆமா மாமு."

"அப்போ ஜல்பு வந்தா ரெண்டையும்தான நிறுத்தணும்? ஒண்ண நிறுத்து, ஒண்ண நிறுத்தாதேன்னா இன்னா கணக்கு இது?"

எனக்கும் தெரியவில்லை. திரும்பிப் போய்க் கேட்கலாம் என்று தோன்றியது. ஆனால் ஆட்டோ மின்ட் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துவிட்டது, இறங்கினால் இடம் போய்விடும். "டாக்டருக்குத் தெரியும், வுடு" என்றேன். அன்றைக்கு இறங்கியிருக்க வேண்டும்.

மாத்திரை கேட்டது. மூன்றே மாதத்தில் வீக்கம் வற்றி, கேரம் போர்டில் மறுபடி அவன் விரல் சுண்டியது. கிளப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். ஷாலு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறவள். மாதம் ஒரு நாள் லீவு போட்டு, மாத்திரை வரிசையில் நின்று வாங்கி வருவாள். காலையில் அவள் கண் முன்னால் அவன் விழுங்க வேண்டும். அட்டையில் எத்தனை மீதி என்று அவளே எண்ணிப் பார்ப்பாள். மூன்று வருஷம் இப்படியே நல்லபடியாக ஓடியது.

போன கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஊரே இருமியது. திங்கட்கிழமை எனக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. எங்கள் கேபின் இரண்டு ஆள் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிற அளவு. மழைக்காக ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தோம். நான் தும்மித் தும்மிச் சீட்டு கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். லீவு போட்டிருக்கலாம். ஜல்புக்கு எவனாவது லீவு போடுவானா என்று வீம்பு. முகத்துக்கு ஒரு துணியாவது கட்டியிருக்கலாம். தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை பீம்ராவுக்குத் தொண்டை கரகரத்தது. என்னிடமிருந்துதான் போனதா? ஷாலுவின் கம்பெனியில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் கை நீட்டிய டிரைவர்களில் எத்தனை பேருக்கு ஜுரமோ. யாரிடமிருந்து வந்தது என்று சொல்லவே முடியாது என்று டாக்டரம்மா பிறகு என்னிடம் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று இன்றும் எனக்குக் குழப்பம்தான்.

வெள்ளிக்கிழமை நான் ஜும்மா முடித்துத் திரும்பியபோது அவன் மேஜையில் தலை வைத்துக் கிடந்தான். ஷாலு வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய தெர்மாமீட்டரை எடுத்துக் காட்டினான்.

"தொண்ணூத்தெட்டு. ஜொரமே இல்ல பாய். ஆனா ஒடம்புல ஒரு துளி தெம்பு கெடயாது."

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் மாமு. டாக்டரம்மா சொல்லிச்சே."

"ஜொரம் வந்தா வரச் சொல்லிச்சு. ஜொரம்தான் இல்லியே. மிஷினு பொய் சொல்லுமா?"

பதினேழு வருஷம் மிஷின் காட்டும் எண்ணை நம்பிப் பிழைத்தவர்கள் நாங்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிற உடம்பில் ஜுரம் வெளியே தெரியாமலே போகலாம் என்பது எங்கள் இரண்டு மண்டைக்கும் எட்டவில்லை. அதுவும் பிற்பாடு தெரிந்துகொண்டதுதான். சளியோடு சேர்ந்து ஜுரம் என்று டாக்டரம்மா சொன்னாரா, சளி வந்தாலே போதும் என்று சொன்னாரா என்று அப்போது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். இரண்டு பேருக்குமே சரியாக ஞாபகம் இல்லை.

சனிக்கிழமை காலையில் ஷாலு ஷிப்ட் மாறிச் சீக்கிரமே கிளம்பிவிட்டாள். தின மாத்திரையைக் கையில் கொடுத்து, வேலைக்குப் போனதும் சாப்பிடச் சொல்லியிருக்கிறாள். அவன் கேபினுக்கு வந்து, அதை மேஜை மேல் வைத்துவிட்டு, அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாய், ஒண்ணு கேக்கறேன், சிரிக்காத. இப்போ எனக்கு ஒடம்பு அட்ச்சிப் போட்டா மாதிரி கீது. இது ஜல்பால வந்ததா, பழைய மூட்டு நோவா, இல்ல இந்த மாத்திரையாலயா? மூணு லோடு ஒரே வண்டில ஏறி நிக்குது. எதோட எடை எவ்ளோன்னு எப்டிக் கண்டுபிடிக்கிறது?"

"எப்டி?"

"காலி எடை பார்க்கணும். மூணு வருஷமா மாத்திர இல்லாத என் ஒடம்ப நான் பார்க்கவே இல்ல. ஒரு நாலு நாளு மாத்திரய எறக்கி வெச்சிட்டு நின்னு பார்த்தா தெரிஞ்சிடும்."

வேறு யாராக இருந்தாலும், ஏண்டா உனக்குப் பைத்தியமா என்று கேட்டிருப்பார்கள். ஷாலுவாக இருந்தால் அறைந்தே இருப்பாள். ஆனால் நான் எடைமேடைக்காரன். எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. லோடோடு நிற்கிற வண்டியை எத்தனை தடவை எடை போட்டாலும் வண்டியின் எடை தெரியாது, உண்மைதானே? அதோடு அது எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மாத்திரை. அடக்காமல் விட்டால் சளியை உடம்பே விரட்டிவிடும் என்று நானே அவனுக்கு எடுத்துக் கொடுத்தேன்.

"சரியாத்தான் சொல்ற மாமு" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

"ஷாலுக்குத் தெரியக் கூடாது. அட்டைய எண்ணும். தெனம் வாய்ல போட்டுக்கினு, அதும் தல மறஞ்சதும் எட்த்துட்டு, இங்க கொண்டாந்து வெச்சிடறேன். உன் தோஸ்து மேல சத்தியமா சொல்லு, சொல்ல மாட்டேன்னு."

சத்தியம் செய்தேன். நாற்பத்தாறு வயது ஆளும் ஐம்பது வயது ஆளும் பீடியை ஒளித்து வைக்கிற பையன்கள் மாதிரி மேஜை டிராயரில் பழைய டீ கிளாஸ் ஒன்றை வைத்து, அதில் அந்த மாத்திரையைப் போட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தேவலாம் என்றான். இரண்டு பேரும் வெற்றிப் பார்வை பார்த்துக்கொண்டோம். திங்கட்கிழமை மணிக்கட்டு லேசாக வீங்கியது. "இது மூட்டு. இதோட எடை தெரிஞ்சிடுச்சி" என்று சிரித்தான். மத்தியானம் சாப்பிட்டதை வாந்தி எடுத்தான். செவ்வாய்க்கிழமை முகம் வெளுத்து, எழுந்து நின்றால் கண்ணை இருட்டுகிறது என்று உட்கார்ந்துவிட்டான். இருமல் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. தெர்மாமீட்டர் அப்போதும் தொண்ணூற்றெட்டுதான். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "போதும் மாமு, மாத்திரயப் போடு" என்றேன். நாலு நாள் கணக்கு புதன்கிழமை காலையில்தான் முடிகிறது, பாதியில் எடுத்தால் எடை தப்பாகிவிடும் என்றான். அவனை ஓங்கி ஒன்று வைத்திருக்க வேண்டும். நான் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பி வைத்தேன்.

புதன்கிழமை அவன் வேலைக்கு வரவில்லை. மூன்றாவது மாடியிலிருந்து இறங்கும்போது படியிலேயே சரிந்துவிட்டான். ஷாலுவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி இறக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பதினொன்றரை மணிக்கு எனக்குப் போன் வந்தது. மேடையில் கம்பி லோடு ஒன்று நிற்கிறது, பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கிறது.

"அண்ணா, பிரஷரு எறங்கிக்கினே போகுதுண்ணா. குளுகோஸ் ஏத்தியும் ஏறலயாம். மூக்குல குச்சி வுட்டுப் பார்த்துட்டு வைரஸ் ஜுரம்னாங்க. ஆனா அதுக்கு இவ்ளோ எறங்காதாம். மாத்திரய எதனா நிறுத்தினாரான்னு டாக்டரு கேட்டுக்கினே கீறாங்க. நான் ஒரு வேள கூட வுடலன்னு அட்டைய எட்த்துக் காட்டினேன். உங்க கிட்ட எதனா சொன்னாராண்ணா?"

டிராயர் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கிளாஸில் மாத்திரைகள். இப்போது சொன்னால் ஷாலு என்ன சொல்வாள்? நீயும் சேர்ந்துதானே செய்தாய் என்பாள். அவன் போய்விட்டால் ஊர் என்னைத்தான் சொல்லும். சத்தியம் வேறு. இதெல்லாம் அப்போது வரிசையாகத் தோன்றவில்லை, எல்லாம் ஒரே குழப்பமாக வந்தது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். வைத்துவிட்டேன்.

கம்பி லோடுக்குச் சீட்டுப் போட்டேன். அடுத்த வண்டி ஏறியது. அதற்கும் போட்டேன். மூன்றாவது வண்டியின் எண் எனக்குக் கண்ணில் படவில்லை. டிராயரைத் திறந்தேன். கிளாஸில் நாலு சின்ன மாத்திரைகள் எச்சில் பட்டுப் பிசுபிசுவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கூடவே வேறு நிறத்தில் ஒன்று கிடந்தது. அது ஞாயிற்றுக்கிழமை மாத்திரையாக இருக்க வேண்டும். எதை நிறுத்தியது சரி, எதை நிறுத்தியது தப்பு? எதையும் யோசிக்காமல் கிளாஸைக் கர்ச்சீப்பில் கட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். மேடையில் லாரி நின்றது நின்றபடியே இருந்தது. முதலாளி போனில் கத்தியதற்கு நானும் பதிலுக்குக் கத்தினேன், என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. ஆட்டோவில் உட்கார்ந்ததும் ஷாலுவைக் கூப்பிட்டேன். மணி பன்னிரண்டு பத்து.

"ஷாலும்மா, சனிக்கிழமையிலருந்து அவன் தின மாத்திரய சாப்பிடல. எல்லாம் என் கிட்டதான் கீது. டாக்டர் கிட்ட சொல்லு. இப்பவே சொல்லு."

அந்தப் பக்கம் அவள் ஓடுகிற செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கு இருமல் விடவில்லை என்பதால் வார்டுக்குள் விட மாட்டார்கள். நானும் உள்ளே போக நினைக்கவில்லை. வராண்டாவின் கோடியில் கர்ச்சீப் மூட்டையோடு நின்றேன். டாக்டரம்மாவே வெளியே வந்தார். நான் கிளாஸைக் காட்டியதும் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கோபம் தணிந்து சொன்னார்:

"தினமும் உடம்பு தானே சுரக்க வேண்டிய ஒண்ணைத்தான் இந்த மாத்திரை வெளியேயிருந்து கொடுத்துக்கிட்டு இருந்துச்சு. வருஷக்கணக்கா கொடுத்ததுல உடம்பு தானா சுரக்கறதை விட்டுடுச்சு. திடீர்னு மாத்திரையும் இல்லைன்னா ரெண்டுமே இல்லை. அதுவும் காய்ச்சல் நேரத்துல வழக்கத்தைவிட அதிகமா வேணும். அதனாலதான் பிரஷர் விழுந்துடுச்சு. ஊசி போட்டாச்சு. பார்ப்போம்."

அவனுக்குக் காலி எடை என்று ஒன்று கிடையவே கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாத்திரையை இறக்கி வைத்தால் கீழே வண்டியே இல்லை. இதைத்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரே வரியில் சொன்னார், நாங்கள் தலையை மட்டும் ஆட்டினோம்.

ஷாலு கதவருகில் நின்றிருந்தாள். அழவில்லை. "மொதல்ல போன் பண்ணப்போ தெரியாதுன்னீங்களே?" என்று மட்டும் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் நாலு மணிக்குப் பிரஷர் ஏறத் தொடங்கியது என்று நர்ஸ் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு அஸர் தொழுகையில் எதைக் கேட்பது என்று தெரியாமல் கேட்டேன். அவன் பிழைக்க வேண்டும், அதோடு அந்த நாற்பது நிமிஷம் இல்லாமல் போக வேண்டும் என்று கேட்டேன்.

நிமோனியா வந்து, பத்து நாள் ஆக்ஸிஜனில் இருந்து, பதினெட்டாவது நாள் வீட்டுக்கு வந்தான். எட்டு கிலோ குறைந்திருந்தான். பொங்கல் கழித்து வேலைக்கு வந்தான். அவன் கேபினுக்குள் முகக்கவசத்தோடு, நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். ஜன்னல் திறந்தே இருக்கும். மார்க்கெட் முழுக்க என்னைப் பற்றித்தான் பேச்சு. சமயத்தில் ஓடிப்போய்ச் சொன்ன பாயால்தான் ஆள் பிழைத்தான் என்று. அன்னதானம் போட்டவன் மாதிரி என்னைக் கும்பிடுகிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

ஷாலு மட்டும் என்னோடு பேசவில்லை. நான் வீட்டுக்குப் போனால் டீ வரும். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். முதலில் நான் பொய் சொன்னதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஊரே திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன், இது தாங்கவில்லை. ஒரு வியாழக்கிழமை, வண்டி எதுவும் இல்லாத மத்தியானத்தில், ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"மாமு, எல்லாரும் நான் காப்பாத்தினேன்னு சொல்றாங்கோ. அது பொய். ஷாலு மொதல்ல கேட்டப்போ தெரியாதுன்னு சொல்லிட்டேன். நாப்பது நிமிஷம் கழிச்சிதான் சொன்னேன். பயந்துட்டேன்."

பீம்ராவ் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்பில் பூஜ்யம் எரிந்துகொண்டிருந்தது.

"தெரியும் பாய்."

"ஷாலு சொல்லிச்சா?"

"அது சொல்லல. ஸ்பீக்கர்ல போட்டுதான் பேசுச்சு, டாக்டரும் கேக்கணும்னு. நான் பக்கத்துல பட்த்துகினு கேட்டுகினுதான் இருந்தேன்."

"நீ மயக்கத்துல இருந்தேன்னு சொன்னாங்களே?"

"மயக்கம்லாம் அப்பால. அப்போ நல்லா காது கேட்டுச்சு. டாக்டரு என்னையே குனிஞ்சி கேட்டாங்கோ, மாத்திர நிறுத்தினீங்களான்னு. ஷாலு அவங்க கையப் புட்ச்சிகினு, ஒரு வேள வுடல டாக்டர், நானே எண்ணிப் பார்ப்பேன்னு அழுதுச்சு. அது மூஞ்சப் பார்த்துகினு நான் எப்டி வாயத் தொறக்கறது? மூணு வருஷமா லீவு போட்டு லைன்ல நின்ன பொம்பள பாய். சரி, காஜா சொல்லிடுவான், அவன் சொல்லட்டும்னு கண்ண மூடிகினேன். நீ தெரியாதுன்னுட்ட."

"செத்துப் போயிருப்பியே!"

"போயிருப்பேன்."

எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரு வார்த்தை. பயந்துபோய் நானும், நான் சொல்லட்டும் என்று அவனும் அதைச் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் அவன் உயிர் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்?

"ஷாலு ரெண்டு மாசமா என் கிட்ட பேசல, தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏன்னு தெரியுமா?"

"தெரியும்" என்றான், இன்னும் மெதுவாக. "எப்டி சொல்றதுன்னுதான் தெரியல. நீயே பக்குவமா ஒரு நாளு..."

அவன் முடிப்பதற்குள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, மேஜை மேல் இருந்த அவனுடைய போனை எடுத்தேன். ஷாலுவின் நம்பரை அழுத்தி, அவன் கையில் திணித்தேன். அது அவளுக்குச் சாப்பாட்டு நேரம். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் தையல் மிஷின்கள் ஓடுகிற சத்தம், அதற்கு மேல் அவள் குரல் எனக்கும் கேட்டது.

"இன்னாப்பா இந்நேரத்துல? ஒடம்பு நல்லாகீதுல்ல? காலைல மாத்திர போட்டியா?"

"போட்டேன்" என்றான் பீம்ராவ். முகக்கவசத்தை இறக்கிவிட்டு, என்னை ஒரு தடவை பார்த்தான். "ஷாலு, செத்த அப்டி குந்து. ஒண்ணு சொல்லணும். பாய் மேல தப்பு இல்ல."